முற்றமும் மண்டபமும்

திருமண வரவேற்பை எந்த மண்டபத்தில் வைப்பது என்ற வினா, அறம் பற்றிய சிந்தனைக்கு உரியதாகுமா? வசதியையும் கைப்பொருளையும் பொறுத்த ஒரு குடும்ப விடயத்துக்குத் தத்துவ முலாம் பூசுவது எதற்கு எனச் சிலர் கேட்கலாம். கேட்பது நியாயமே. ஆயினும் ஒரு சமுதாயம் எவற்றைப் போற்றுகிறது என்பதை அறிய விரும்புவோர், அதன் மேடைப் பேச்சுகளைக் காட்டிலும் அதன் பந்திகளைக் கவனித்தல் நன்று. யார் அழைக்கப்படுகின்றனர், யார் எங்கே இருத்தப்படுகின்றனர், யார் கடைசியில் உண்கின்றனர் என்பன அங்கே ஒளிவுமறைவின்றித் தெரியும். அவ்வகையில், கிராமத்துத் திருமணங்களும் பெருநகர மண்டபங்களைத் தேடிச் செல்லும் இன்றைய போக்கு நம் ஆராய்ச்சிக்கு உரியதாகிறது.

சட்டத்திலிருந்து தொடங்குவோம். இலங்கையின் 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் திருமணப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின்படி, மணமக்கள் முன்னே பதிவாளர் ஒருவரும் சாட்சிகள் இருவரும் இருந்தாற் போதும், திருமணம் நிறைவேறிவிடும். அங்ஙனமாயின், 500 கதிரைகள் கொண்ட மண்டபத்தை ஒருவர் தேடும்போது எஞ்சிய 498 பேரும் எதற்காக அழைக்கப்படுகின்றனர்? இதற்கு இரண்டு விடைகள் கூறலாம். மணமக்களை வளர்த்த சமூகம் அவர்களை வாழ்த்தவும், நாளை ஓர் இடர் வரின் தோள் கொடுக்கவும் அன்று தன்னைப் பிணைத்துக்கொள்கிறது என்பது ஒரு விடை. அழைத்தவரின் செல்வமும் செல்வாக்கும் பலர் கண்முன் மெய்ப்பிக்கப்பட வேண்டும் என்பது மற்றைய விடை. முதலாவது விடையின்படி வந்திருப்பவர் சாட்சி. இரண்டாவதன்படி அவர் வெறும் பார்வையாளர். இடத்தைத் தெரிவு செய்யும்போது நாம் அறிந்தோ அறியாமலோ இவ்விரண்டில் ஒன்றைத் தெரிவு செய்கிறோம்.

இவ்வேறுபாடு நேற்று முளைத்ததன்று. அகநானூற்றின் 86ஆம் பாட்டிலே நல்லாவூர் கிழார் ஒரு மணவினையைக் காட்டுகிறார். வரிசையாகக் கால்கள் நட்ட பெரும் பந்தல், அதன் கீழே கொணர்ந்து பரப்பிய மணல், விளக்கு, மாலை, உழுந்து சேர்த்து ஆக்கிய உணவு, நீர்க்குடம் சுமந்து வரும் முதுபெண்டிர் ஆகியன அங்கே உள. மகவு பெற்ற மகளிர் நால்வர் மணமகளை நீராட்டி வாழ்த்துகின்றனர். மங்கலப் பணியைச் செய்வோரே வாழ்த்துவோராகவும் இருக்கின்றனர். சிலப்பதிகாரத்தின் மங்கல வாழ்த்துப் பாடலுக்கு வருவோமாயின், அங்கு நடைபெறுவது புகார் நகரத்துப் பெருவணிகர் இல்லத் திருமணம். மகளிரை யானைமீது ஏற்றி மாநகர் எங்கணும் செய்தி அறிவிக்கின்றனர். வயிரமணித் தூண்களும் நீல விதானமும் முத்துப் பந்தலும் பொலிகின்றன. இவ்விரு பந்தல்களுக்கும் உள்ள வேறுபாட்டைக் கவிஞரின் கற்பனைத் திறத்தால் மட்டும் விளக்கிவிட முடியாது. வணிகம் பெருகி, நகரம் வளர்ந்து, செல்வம் சிலர் கையில் திரண்டபோது மணப்பந்தலும் அச்செல்வத்தின் விளம்பரமாயிற்று. இன்றைய வரவேற்பு மண்டபத்தின் பூந்தோரணமும் மின்னொளியும் புகார் வணிகரின் பந்தலுக்கே உறவு கொண்டாடத்தக்கவை.

இதனைக்கொண்டு, கிராமத்து முற்றமே அறத்தின் உறைவிடம் என்றும் நகர மண்டபம் தீமையின் உறைவிடம் என்றும் முடிவு கட்டுவோமாயின் வரலாற்றுக்குத் துரோகம் செய்தவராவோம். யாழ்ப்பாணத்து முற்றத்துப் பந்தலின் கீழ் வெள்ளை கட்டியவர் யார்? மணமகனுக்குச் சவரம் செய்தவர் யார்? குடிமைத் தொழில் என்ற பெயரால் பிறப்பினாற் பிணிக்கப்பட்ட அம்மனிதர்கள் அதே முற்றத்தில் மற்றவரோடு சமமாக இருந்து உண்ண முடிந்ததா? அவர்கள் வேலிக்கு வெளியே காத்திருந்தனர். அவர்களுக்கெனத் தனிப் பாத்திரமும் சிரட்டையும் இருந்தன. ‘சம ஆசனம், சம போசனம்’ என்ற முழக்கம் வடபுலத்திலே எழுந்தமைக்குக் காரணம் இருக்கையும் உணவுமே அடக்குமுறையின் கருவிகளாய் இருந்தமைதான். 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்த பின்னரும் தேநீர்க் கடைகளிலே சம உரிமை பெறப் போராட வேண்டியிருந்தது; 1968இல் மாவிட்டபுரம் ஆலய வாயிலிலும் போராட வேண்டியிருந்தது. ‘ஊர் கூடி நடத்திய திருமணம்’ என்று ஏக்கத்தோடு பேசுவோர், அந்த ஊரில் யார் சேர்த்தி, யார் சேர்த்தியில்லை என்பதையும் சேர்த்தே பேசுதல் வேண்டும்.

நகரத்து வாடகை மண்டபம் இந்தப் பழைய கட்டுகளில் சிலவற்றை அவிழ்த்தது என்பதை மறுப்பதற்கில்லை. அங்கே கூலி பெற்றுச் சமைப்பவர் குடிமைக் கடமையாற் கட்டுண்டவரல்லர். வரிசையாக இட்ட கதிரைகளில் முன்னால் வந்தவர் முன்னால் அமரலாம். பரிமாறுபவர் உண்பவரின் குலம் கேட்பதில்லை. கொழும்பைப் பொறுத்தவரை மண்டபம் ஒரு தேவையும் ஆயிற்று. வெள்ளவத்தையில் அடுக்குமாடியின் இரண்டு அறைகளில் வாழும் எழுதுவினைஞர் ஒருவர் முற்றத்துக்கு எங்கே போவார்? பம்பலப்பிட்டியின் சரஸ்வதி மண்டபம், கதிரேசன் மண்டபம் முதலியன நகரத் தமிழருக்கு முற்றமாகப் பயன்பட்டு வந்தமைக்கு இதுவே காரணம். பிறப்பைக் கேளாது கட்டணத்தை மட்டும் கேட்கும் இடம், பிறப்பை மட்டும் கேட்ட இடத்தைவிட ஒரு படி முன்னேற்றமானதே.

ஆனால் அந்த ஒரு படியிலேயே நாம் நின்றுவிட முடியுமா? சாதியைக் கேளாத பணம் தன்னைத் தானே கேட்கிறது. இன்றைய வரவேற்பு விருந்து பெரும்பாலும் தட்டுக் கணக்கில் விலை பேசப்படுகிறது. தட்டு ஒன்றுக்கு இவ்வளவு. குறைந்தது இத்தனை தட்டுகளுக்குப் பணம் உறுதி செய்யப்பட வேண்டும். வெளியிலிருந்து உணவு கொண்டுவரலாகாது. இத்தனை மணிக்குள் மண்டபத்தை ஒப்படைக்க வேண்டும் என்பன வழக்கமான நிபந்தனைகள். உயர்தர விடுதிகளில் தட்டின் விலைமேல் 10 வீதச் சேவைக் கட்டணமும், 2024 ஜனவரியில் 18 வீதமாக உயர்த்தப்பட்ட பெறுமதி சேர் வரியும் ஏறுகின்றன. ஆடியும் மார்கழியும் ஒதுக்கப்பட, எஞ்சிய மாதங்களின் சில முகூர்த்த நாள்களுக்கே எல்லோரும் போட்டியிடுவதால் மண்டபக்காரரின் கை ஓங்குகிறது.

இக்கணக்கின் விளைவு செலவோடு முடிவதில்லை. அது உறவையும் மாற்றிவிடுகிறது. கிடாரத்தில் சோறு வெந்த காலத்தில் பத்துப் பேர் கூடுதலாக வந்தால் இன்னும் கொஞ்சம் அரிசி போடப்பட்டது. தட்டுக் கணக்கிலே கூடுதலாக வரும் ஒவ்வொருவரும் ஒரு செலவுச் சீட்டு. ‘யார் யார் வர வேண்டும்?’ என்ற கேள்வி ‘எத்தனை பேருக்குக் கட்டுப்படியாகும்?’ என்ற கேள்வியாகிறது. பட்டியல் வெட்டப்படும்போது அது எப்போதும் கீழிருந்தே வெட்டப்படுகிறது. வங்கி முகாமையாளரின் பெயர் தப்பிவிடும். தாய் நோயுற்றிருந்த நாள்களிற் பிள்ளைகளுக்குச் சோறு கொடுத்த அயல் வீட்டுப் பெண்ணின் பெயர் தப்பாது.

கிளிநொச்சி மாவட்டத்தின் பூநகரிப் பிரதேசத்தில் உள்ள ஜெயபுரத்தை எடுத்துக்கொள்வோம். இக்கட்டுரையாளர் ஆசிரியத் தொழில் புரிவது இச்சூழலிலேயே. வயலும் மேட்டுநிலப் பயிரும் கூலி வேலையுமே இப்பகுதி மக்களின் சீவனோபாயம். 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களுக்குப் பின் மலையகத்திலிருந்து வந்து வன்னியிலே காடு திருத்திக் குடியேறியவர்களும் அவர்தம் மக்களும் இம்மாவட்டத்தின் கிராமங்களில் வாழ்கின்றனர். இத்தகைய கிராமத்துப் பெண்ணொருத்திக்குக் கனடாவிலோ இலண்டனிலோ தொழில் புரியும் ஒருவர் மணமகனாக வாய்க்கிறார் என்று கொள்வோம். மணமகன் வீட்டார் வரவேற்பைக் கொழும்பில் வைக்கலாம் என்கின்றனர். அவர்கள் கூறும் காரணங்கள் பொய்யானவையல்ல. கட்டுநாயக்கவில் வந்து இறங்குவோர்க்குக் கொழும்பு அண்மையானது; மண்டபம் குளிரூட்டப்பட்டது; வாகனங்களை நிறுத்த இடமுண்டு; விடுமுறை சில நாள்களே.

மற்றப் பக்கத்திலிருந்து இதே தெரிவை நோக்குவோம். ஜெயபுரத்திலிருந்து கொழும்புக்குச் செல்வதென்றால் ஓர் இரவுப் பயணம். கூலிக்குச் செல்பவருக்கு இரண்டு மூன்று நாள் வேலை இழப்பு. தங்குவதற்கு இடம், அந்த மண்டபத்துக்கு ஏற்ற உடை, கையில் கொடுக்க ஓர் உறை என்பன தனிச் செலவு. ஆகவே ஒரு வானுக்குள் அடங்கக்கூடிய நெருங்கிய உறவினர் செல்வர். ஏனையோருக்குப் பின்னொரு நாளில் வீட்டில் தேநீர் வழங்கப்படும். யாரும் யாரையும் வர வேண்டாம் என்று சொல்லவில்லை. அழைப்பிதழ் எல்லோர் வீட்டுக்கும் வந்திருக்கும். எனினும் தூரமும் செலவும் கூச்சமும் சேர்ந்து, பழைய வேலி செய்த வேலையைச் சத்தமின்றிச் செய்து முடிக்கின்றன. நூற்றுக்கணக்கானோர் நிறைந்த அந்த மண்டபத்திலே மணமகளைச் சிறுமியாக அறிந்தவர் ஒரு மேசைக்குள் அடங்கிவிடுவர். தன் திருமணத்திலேயே அவள் ஒரு விருந்தினளாகிறாள். கணவன் வீட்டாரோடு நாளை ஒரு முரண்பாடு எழுமாயின் அவளுக்காகப் பேச வேண்டிய சாட்சிகள் அந்த இடத்தில் இருக்கவேயில்லை. இத்தெரிவில் அடங்கியுள்ள அறப் பிரச்சினை இதுவே.

இவ்விடத்திலே நாம் சற்று நிதானித்தல் வேண்டும். மண்டபத்தை விரும்புவோரைப் பகட்டுக்காரர் என எள்ளி நகையாடுவது எளிது. வன்னியிலே அது நியாயமாகாது. 2008இல் மேற்கு வன்னிக் கிராமங்கள் இடம்பெயர்ந்தன. 2009 மே வரை மக்கள் ஒதுங்கிய இடமெல்லாம் தறப்பாளும் பதுங்குகுழியுமே. கட்டாய ஆட்சேர்ப்பிலிருந்து பிள்ளைகளைக் காக்கும் பொருட்டு அக்காலத்தில் அவசரமாகப் பல திருமணங்கள் நடைபெற்றன. அவற்றில் மண்டபமும் இல்லை, மேளமும் இல்லை, படமும் இல்லை. சிலவற்றுக்குப் பதிவே இல்லை. அங்ஙனம் மணம் முடித்த தாய் ஒருத்தி, தன் மகளின் திருமணமாவது விளக்கெரியும் ஒரு மண்டபத்தில் நடைபெற வேண்டும் என்று விரும்புவாளாயின், அதில் வீண்பெருமையைக் காண்பவர் அவள் வாழ்க்கையை அறியாதவர். மனிதராக மதிக்கப்பட வேண்டும் என்ற வேட்கையே அங்கு மண்டபத்தின் வடிவத்தில் வெளிப்படுகிறது.

அந்த வேட்கை நியாயமானது. அதனை விலைக்கு விற்கும் ஏற்பாடுதான் கண்டிக்கத்தக்கது. நகை அடகுக்குச் செல்கிறது, காணி உறுதி இன்னொருவர் கைக்குச் செல்கிறது, நுண்கடன் பெறப்படுகிறது. போருக்குப் பின் வடகிழக்குப் பெண்களை நுண்கடன் எவ்வளவு அழுத்தியது என்பதற்கு, வரட்சியாற் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பெண்கள் பெற்ற ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடன்களைத் தள்ளுபடி செய்ய 2018இல் அரசாங்கமே முன்வர நேர்ந்தமை சான்று. நான்கு ஆண்டுகளின் பின், 2022 ஏப்பிரல் 12இல், அரசாங்கமும் தன் வெளிநாட்டுக் கடனைச் செலுத்த முடியாதென அறிவித்தது. கடன் இன்னதென அனுபவித்து அறிந்த நாட்டில், நான்கு மணி நேர வரவேற்புக்காக நான்கு ஆண்டு உழைப்பை ஈடு வைப்பதை மதிப்பு மீட்பு என்று சொல்ல முடியுமா? மதிப்பை மீட்கப் போனவர் தவணைப் பணம் கேட்டு வாசலில் வந்து நிற்பவர் முன் மீண்டும் அதனை இழக்கிறார்.

‘என் உழைப்பு, என் பணம், அதனை எங்கே செலவிடுவது என்பது என் சுதந்திரம்’ என்று ஒருவர் வாதிடலாம். இவ்வாதத்தைத் தட்டிக்கழிக்காமல் நேரே சந்திப்போம். பிறர் கண்ணில் படுவதற்காகவே செய்யப்படும் செலவைப் பற்றி அமெரிக்கப் பொருளியலறிஞர் தோர்ஸ்டீன் வெப்ளன் 1899இல் வெளியிட்ட நூலில் ஆராய்ந்தார். இத்தகைய செலவில் ஒருவர் விரும்புவது பொருளின் பயனைக் காட்டிலும், ஒப்பீட்டில் தமக்குக் கிடைக்கும் இடத்தையே. ஒப்பீட்டுக்கு எல்லை இல்லை. ஒருவர் கிளிநொச்சியில் வைத்தால் அடுத்தவர் யாழ்ப்பாணத்தில் வைக்க வேண்டும். யாழ்ப்பாணம் சாதாரணமானால் கொழும்பு. கொழும்பு மண்டபம் சாதாரணமானால் கடற்கரை விடுதி. இவ்வாறு ஒருவர் தம் சுதந்திரத்தால் உயர்த்திய அளவுகோல் மறுநாள் அயலவருக்குக் கட்டாயமாகிவிடுகிறது. பெண்ணைப் பெற்ற ஏழை ஒருவர் ‘ஊர் என்ன சொல்லும்?’ என்று அஞ்சுவது இவ்வளவுகோலைக் கண்டே. செலவு செய்பவரும் உண்மையில் சுதந்திரமாக இருக்கிறாரா? ரொறொன்ரோவில் இரண்டு வேலை பார்த்து மண்டபக் காசு சேர்க்கும் இளைஞனும் அதே அச்சத்தின் கைதியே.

தமிழகத்தின் அனுபவம் இங்கு நமக்குப் பயன்படும். 1928இல் அருப்புக்கோட்டையை அடுத்த சுக்கிலநத்தத்தில் நடைபெற்ற சுயமரியாதைத் திருமணம், புரோகிதரின்றியும் மணவினை நிறைவேறும் எனக் காட்டியது. அத்தகைய மேடைகளில் கூடியிருந்தோர் மணமக்களின் உறுதிமொழியைக் கேட்டவர்கள். கூட்டம் அங்கே அலங்காரமாக இருக்கவில்லை. 1967இல் அண்ணாதுரையின் அரசு அத்திருமணங்களுக்குச் சட்ட வலு அளித்தது. 1995 செப்டெம்பர் 7இல் அதே தமிழகத்தின் தலைநகரில், அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதாவின் வளர்ப்பு மகன் திருமணம் நடைபெற்றது. ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட விருந்தினர் எனக் கின்னஸ் பதிவில் அது இடம்பெற்றது. அவ்வளவு பேரில் மணமக்களை அறிந்தவர் எத்தனை பேர்? அடுத்த ஆண்டுத் தேர்தலில் ஆட்சி வீழ்ந்தபோது, மக்கள் மனத்திலிருந்த கசப்புகளுள் அப்பந்தலும் ஒன்றாய் இருந்தது.

இவ்விரண்டையும்விடச் சிந்திக்கத்தக்கது 2023இல் இந்திய உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு. சுயமரியாதைத் திருமணத்துக்கு ஊரறியப் பகிரங்க அறிவிப்புத் தேவையில்லை என்று நீதிமன்றம் கூறியது. குடும்ப எதிர்ப்புக்கும் ஆபத்துக்கும் அஞ்சும் இணையர் பகிரங்கமாக மணம் செய்ய இயலாது என்பதை அது கருத்திற் கொண்டது. சாதி கடந்து மணப்போருக்கு இடத் தெரிவு உயிர்ப் பிரச்சினை. எந்த மண்டபம் அழகானது என்று அவர்கள் கேட்பதில்லை. எந்தக் கூரையின் கீழ் பாதுகாப்பாகக் கையெழுத்திடலாம் என்று கேட்கின்றனர். அத்தகையோருக்கு வாசல் திறக்காத ஊர், தன் முற்றம் எவ்வளவு விசாலமானதென்று பெருமை பேசத் தகுதியற்றது.

இப்போக்கைச் சட்டத்தால் அடக்க முனைந்த நாடுகளும் உள. பாக்கிஸ்தான் 1997இல் திருமண வீண்செலவைத் தடைசெய்யச் சட்டம் இயற்றியது. தஜிக்கிஸ்தான் 2007இல் விருந்தினர் தொகைக்கே வரம்பு விதித்தது. நம் நாட்டிலும் 2020, 2021 ஆகிய ஆண்டுகளின் கொள்ளைநோய்க் கட்டுப்பாடுகள் சிறு திருமணம் இயலும் என்று காட்டின. கட்டுப்பாடு நீங்கியதும் பழைய போட்டி திரும்பிவிட்டது. ஆணையால் எண்ணிக்கையைக் குறைக்கலாம். ஒப்பீட்டு மனப்பான்மைக்கு மாற்றாக இன்னொரு மதிப்பை மக்கள் தாமே உருவாக்கினாலன்றி அக்குறைவு நிலைக்காது.

அம்மாற்று எங்கே உளது? பிறப்பைக் கேட்ட முற்றத்துக்கு நாம் திரும்பிச் செல்ல முடியாது. பணத்தைக் கேட்கும் மண்டபத்தோடும் நாம் அமைய முடியாது. மூன்றாவது வழி நம் கிராமங்களிலேயே அரைகுறையாகக் கட்டப்பட்டு நிற்கிறது. பொதுநோக்கு மண்டபங்கள், சனசமூக நிலையங்கள், கிராம அபிவிருத்திச் சங்கங்கள் என்பன நம்மிடம் உள. கதிரையும் கிடாரமும் பந்தற் தகரமும் பொதுவில் வாங்கி, குறைந்த வாடகைக்கு எல்லோர் வீட்டு நன்மை தீமைக்கும் கொடுக்கும் வழக்கம் வடபுலச் சனசமூக நிலையங்கள் பலவற்றில் நெடுங்காலமாக உண்டு. இவ்வழக்கத்தை வளர்த்தெடுத்தல் வேண்டும். மண்டபத்துக்கு நல்ல நீர், சுத்தமான மலசலகூடம், சமையற்கட்டு, முதியோர் ஏறக்கூடிய படி, மின்விசிறி ஆகியன இருப்பின், நகர மண்டபத்தைத் தேடச் சொல்லும் காரணங்களிற் பாதி தானே மறைந்துவிடும். வெளிநாட்டில் உழைக்கும் உறவினர் ஒரு மாலை வரவேற்புக்குச் செலவிடும் பணத்தின் ஒரு பகுதியை ஊர் மண்டபத்துக்கு அளிப்பாராயின், அவருடைய திருமணத்தின் பின் ஊரின் பல திருமணங்கள் அதே கூரையின் கீழ் கடனின்றி நடைபெறும். விருந்தினர் நாலு பேரல்ல, நானூறு பேர் வந்தாலும் நமக்கு ஆட்சேபம் இல்லை; அவர்கள் யார் என்பதே கேள்வி.

இதிலும் விழிப்பு வேண்டும். பொது என்ற பெயர் ஒன்றே ஓர் இடத்தைப் பொதுவாக்கிவிடாது. இன்ன பகுதியாருக்கு மண்டபம் இல்லை என்றோ, மலையக வழியினரின் நிகழ்வென்றால் நாள் இல்லை என்றோ, சாதி கடந்து மணப்போருக்குத் திறப்பு இல்லை என்றோ ஒரு நிர்வாகம் சொல்லுமாயின், பழைய வேலி புதிய சீமெந்தில் எழுந்துவிட்டதென்று பொருள். அந்நிர்வாகங்களில் ஆசிரியர்களாகிய நாமும் இருக்கிறோம். நம் மாணவர் பலர் நாளை இருப்பர். திறப்பு யார் கையில் இருக்கிறது, எந்த விதியின்படி கொடுக்கப்படுகிறது என்று கேட்பது நம் கடமை.

கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ வாழ்பவர் அங்கேயே மண்டபம் எடுப்பதில் தவறில்லை. அவர்களின் அயலவர் இருப்பதும் அங்கேதான். எங்கு வாழ்பவராயினும், முற்பணம் கட்டுவதற்கு முன் மூன்று வினாக்களை எழுப்பிப் பார்த்தல் நன்று. இம்மணமக்களை உழைப்பாலும் அன்பாலும் வளர்த்தவர்கள் இவ்விடத்துக்குக் கூச்சமின்றி வந்து, மற்றவரோடு சமமாக அமர்ந்து உண்ண முடியுமா? இவ்விருந்தின் செலவை நாளை எவருடைய உழைப்பு அடைக்கப்போகிறது? பரிமாறியவர்களும் பாத்திரம் கழுவியவர்களும் எப்போது, எங்கே இருந்து உண்பார்கள்? இவ்வினாக்களுக்கு முகம் கோணாது விடை கூற முடியுமாயின், அது ஓலைப் பந்தலாக இருப்பினும் குளிரூட்டிய மண்டபமாக இருப்பினும் தக்க இடமே. விடை கூற முடியாதாயின், முற்பணத்தைக் கட்டாமல் திரும்பி வருவதற்கு இன்னும் நேரம் இருக்கிறது.